குப்பைக்குழியிலிருந்து உரத்தொட்டிக்கு: புதுச்சேரி உப்பளத்தை முன்வைத்து ஒரு வரலாறு

புதுச்சேரி நகரின் தெற்கில், ரயில் நிலையத்தையும் பழைய தெற்கு புல்வாரான இன்றைய சுப்பையா சாலையையும் தாண்டினால் உப்பளம் வருகிறது. அளம் என்பது உப்பு விளைவிக்கும் நிலம். ஊரின் பெயரே அதன் மண்ணைப் பற்றிய முதல் ஆவணம் எனலாம். கடலும் உப்பாறும் அருகில் இருப்பதால் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும்; மண்ணில் மணல் மிகுதி, உவர்ப்பும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர் விதையைத் தேடுவதற்கு முன்பு எருவைத் தேட வேண்டியிருக்கிறது. சமையலறைக் கழிவை மக்கவைத்து உரமாக்கும் தொட்டி அண்மைக்கால நகரப் பழக்கம் போலத் தோன்றினாலும், அதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. அந்தக் கதையைக் குப்பை என்ற சொல்லிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

இன்று குப்பை என்றால் வேண்டாதது, எறியப்பட வேண்டியது. பழந்தமிழில் அதன் முதன்மைப் பொருள் குவியல். சங்கப் பாடல்களில் அளத்தில் குவித்து வைத்த உப்பும் குப்பைதான், களத்தில் குவித்த நெல்லும் குப்பைதான். பிற்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் குவியும் சாணத்துக்கும் கூளத்துக்கும் அச்சொல் நிலைத்தது. கிராமங்களில் இன்றும் "வயலுக்குக் குப்பை அடிக்க வேண்டும்" என்று ஓர் உழவர் சொன்னால், அவர் எருவை வண்டியில் ஏற்றி நிலத்தில் கொட்டுவதையே குறிக்கிறார். அவருடைய வாயில் குப்பை என்பது சொத்து. அதே சொல் நகரத்தில் எப்படி அருவருப்பாக மாறியது, எருவும் குப்பையும் எங்கே பிரிந்தன என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

கொல்லைப்புறக் குழியும் கழுநீர்த் தொட்டியும்

திருக்குறளின் உழவு அதிகாரம் ஏர் உழுவதைவிட எருவிடுவதை மேலாக வைக்கிறது. ஆனால் எருவை எப்படிச் சேர்த்தார்கள் என்பதை இலக்கியம் விரித்துச் சொல்வதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த வேலையாக இருந்தது. வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு குழி. அதில் மாட்டுச் சாணம், கொட்டகையில் மாடு மிதித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், வீடு வாசல் பெருக்கிய மண், உதிர்ந்த இலை எல்லாம் போகும். கோடையில் குழியை வெட்டி எடுத்து, முதல் மழைக்கு முன் வயலில் சேர்ப்பார்கள்.

அந்தக் குழிக்குச் சமையலறைக் கழிவு அதிகம் போனதில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், மிஞ்சிய சோறு ஆகியவை கழுநீர்ப் பானைக்குப் போயின. அங்கிருந்து மாட்டின் வயிற்றுக்கு. மாடு வளர்க்காத வீட்டுக் கழுநீரை மாடு வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து எடுத்துப் போவார். ஆக, தமிழ் வீட்டின் உண்மையான முதல் உரத்தொட்டி கழுநீர்த் தொட்டிதான். ஈரக்கழிவை ஒரே நாளில் சாணமாக மாற்றித் தரும் இயந்திரமாக மாடு இருந்தது. அது இருந்தவரை ஈரக்குப்பை என்று தனியாக ஒன்றுக்குப் பெயர் வைக்கவே தேவை எழவில்லை.

இந்த ஏற்பாட்டைக் குறையே இல்லாததாகப் புகழ்வதும் சரியல்ல. 1889-இல் இந்தியாவுக்கு வந்து நாடு முழுவதும் சுற்றி, 1893-இல் வேளாண்மை மேம்பாடு பற்றிய அறிக்கையை வெளியிட்ட ஆங்கில வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், இந்திய உழவர்களின் திறமையை மதித்துப் பேசினார். கூடவே, விறகு கிடைக்காததால் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிந்துவிடுகிறது என்பதையும் எடுத்துக்காட்டினார். எரு போதவில்லை என்ற குறை அப்போதே இருந்தது. திறந்த குழியில் வெயிலும் மழையும் பட்டுச் சத்தின் ஒரு பகுதி வீணானது. தூய்மைப் பணி முழுவதும் சாதியின் பெயரால் சிலர் மேல் சுமத்தப்பட்டிருந்தது. குப்பை சொத்தாக இருந்தபோதும் அதைச் சுமந்தவருக்கு அந்தச் சொத்தில் பங்கு இருந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை.

உப்பளம் போன்ற கடற்கரைப் பகுதிக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. நெப்போலியன் போர்களின் முடிவில், 1815 மார்ச் 7 அன்று லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்குப் போனது. அதற்கு ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கிடைத்தது. 1818-இல் ஏற்பட்ட இன்னோர் உடன்பாட்டால் பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. உப்பு வணிகம் போனாலும் மண்ணில் ஊறிய உப்பு காகிதத்தில் கையெழுத்திட்டதால் போய்விடவில்லை. இந்த உவர்ப்பு, தொட்டியில் எதைப் போடலாம் என்ற இன்றைய கேள்வியில் மீண்டும் தலைகாட்டும்.

பாரிஸ் கண்ட மூடிபோட்ட தொட்டி

புதுச்சேரியை ஆண்ட நாட்டின் தலைநகரில்தான் நவீனக் குப்பைத்தொட்டி சட்ட வடிவம் பெற்றது. பாரிஸ் மாநகர் உள்ளிட்ட சேன் மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த எழேன் புபேல், 1883 நவம்பர் 24 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் குடியிருப்போருக்கு மூடியுள்ள தொட்டி வைத்துத் தர வேண்டும் என்றது அந்த ஆணை. அழுகக்கூடியது ஒன்றில், காகிதமும் கந்தலும் ஒன்றில், கண்ணாடி, பீங்கான் உடைசல், சிப்பி ஓடு ஆகியவை ஒன்றில் என மூன்றாகப் பிரிக்கவும் சொன்னது. குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் தங்கள் வாழ்வு போய்விடும் என்று எதிர்த்தார்கள். வீட்டு உரிமையாளர்கள் செலவு என்று முணுமுணுத்தார்கள். கேலியாகவோ என்னவோ, தொட்டிக்கு அந்த ஆட்சியரின் பெயரே வைக்கப்பட்டது. இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கு "புபேல்" என்பதுதான் சொல். மூன்றாகப் பிரிக்கும் விதி மட்டும் நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை. இந்தியச் சட்டம் அதே மூன்று தொட்டிகளுக்கு வந்து சேர 133 ஆண்டுகள் ஆயின.

அதற்கு முன்பும் பாரிஸ் தெருக்குப்பை வீணாகப் போனதில்லை. "கதூ" என்று அழைக்கப்பட்ட அந்தச் சேற்றுக் கழிவை நகரைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டக்காரர்கள் விலைகொடுத்து வாங்கி உரமாக்கினார்கள். குதிரை லாயச் சாணத்தின் சூட்டில் குளிர்காலத்திலும் கீரை வளர்த்த திறமைசாலிகள் அவர்கள். கார் வந்து குதிரை மறைந்ததும் அந்தச் சங்கிலி அறுந்தது. அங்கே குதிரைக்கு நேர்ந்ததுதான் இங்கே மாட்டுக்கும் நேர்ந்தது, சற்றுப் பிந்தி.

புதுச்சேரி நகராட்சியின் தொடக்கமும் ஏறக்குறைய இதே காலம். பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் நகராட்சிகளை ஏற்படுத்திய ஆணை 1880 மார்ச் 12-ஆம் நாளிட்டது. நகராட்சி என்ற அமைப்பு வந்தபோது தெருவைத் துப்புரவாக வைப்பது பொதுப் பொறுப்பாயிற்று. இது பெரிய முன்னேற்றம். இதன் மறுபக்கமாக, வாசலைத் தாண்டி வைத்த பொருள் வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லாத பொருளாகவும் ஆயிற்று. எருவும் குப்பையும் பிரிந்த இடம் இந்த வாசற்படிதான் என்று தோன்றுகிறது.

இந்தூரும் பெங்களூரும்

எருக்குழியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் ஆல்பர்ட் ஹோவார்ட். 1905-இல் பீகாரின் பூசா ஆய்வு நிறுவனத்துக்கு வந்த அவர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் தாவரத் தொழில் நிறுவனத்தை நடத்தினார். அங்கே உருவானதே இந்தூர் முறை. அதை விளக்கி 1931-இல் வெளிவந்த நூலுக்கு இரண்டு ஆசிரியர்கள்: ஹோவார்டும் யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளரும். உலகம் ஹோவார்டை நினைவில் வைத்தது. வாட் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தூர் முறையின் சாரம் எளிது. காய்ந்த தாவரக் கழிவு, மாட்டின் சிறுநீர் ஊறிய மண், சாணக் கரைசல், சாம்பல் ஆகியவற்றை ஆழமில்லாத குழியில் அடுக்கி, ஈரம் காத்து, மூன்று முறை கிளறிவிட வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் எரு தயார். குழி 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 முதல் 3 அடி ஆழம். ஆழம் குறைவாக வைத்ததற்குக் காரணம் காற்று: காற்று புகாத அடியில் பொருள் மக்காது, அழுகும். மக்குவதற்கும் அழுகுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தொட்டி பற்றிய பாதிப் பாடம் முடிந்தது. நமக்கு இன்னும் முக்கியமான குறிப்பு ஒன்று உண்டு. மழைக்காலத்தில் குழியில் நீர் தேங்கும் என்பதால் ஹோவார்ட் அப்போது குழியைக் கைவிட்டு, தரைக்கு மேல் குவியலாக அடுக்கச் சொன்னார்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்கள் இம்முறையைக் கைக்கொண்டன. காந்தி 1935-இல் இந்தூர் நிறுவனத்தைப் பார்வையிட்டு, ஹரிஜன் இதழில் அதைப் பற்றி எழுதினார். இதே காலத்தை ஒட்டிப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா நகரக் கழிவுக்கென வேறொரு முறையை உருவாக்கினார். நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழியில் மாறிமாறி அடுக்கி, மேலே சேறு பூசி மூடி, கிளறாமல் ஆறு முதல் எட்டு மாதம் விட்டுவிடுவது பெங்களூர் முறை. வேலை குறைவு, காலம் அதிகம். 1947 டிசம்பரில், விடுதலைக்குப் பின் நான்கே மாதத்தில், மீராபென் முன்முயற்சியில் டெல்லியில் அகில இந்தியக் கம்போஸ்ட் மாநாடு நடந்தது. தலைமை ராஜேந்திர பிரசாத். நாடு பிரிவினையின் நெருப்பில் இருந்தபோது தலைவர்கள் எருவைப் பற்றிக் கூடிப் பேசினார்கள் என்பது இன்று வியப்பாக இருக்கலாம். உணவுப் பஞ்சம் அவ்வளவு அருகில் நின்றது.

புதுச்சேரி அப்போது இந்தியாவில் இல்லை. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிய பிறகே இந்தியத் திட்டங்கள் இங்கு வந்தன. எனினும் இந்தூர் முறையானாலும் பெங்களூர் முறையானாலும், இரண்டும் நிலம் உள்ளவருக்கானவை. ஒரு கிரவுண்டு மனையில் நான்கு குடும்பம் வாழும் தெருவுக்கு அவை பதில் சொல்லவில்லை.

மாடு போன பின்

நகரத் தெருக்களில் மாட்டுக்கொட்டகைகள் குறைந்தன. ஓட்டு வீடுகளின் கொல்லைப்புறங்கள் அடுக்குமாடிகளாயின. கழுநீர்ப் பானை மறைந்தது. அதிலிருந்தவை நெகிழிப் பையில் கட்டப்பட்டு வாசலுக்கு வந்தன. ஈரக்குப்பை பிறந்தது இப்படித்தான். இந்திய நகரக் குப்பையில் ஏறத்தாழ பாதி மக்கக்கூடியது. அது பையில் அடைபட்டு மற்றவற்றோடு கலந்துவிட்டால் மக்காததையும் பாழாக்கும், தானும் உரமாகாது.

புதுச்சேரிக் குப்பை முன்பு கருவடிக்குப்பத்திலும் பிறகு குரும்பாபேட்டிலும் மலையாகக் குவிந்தது. பாரதியின் குயில் பாட்டோடு சேர்த்துப் பேசப்படும் மாந்தோப்பு கருவடிக்குப்பத்தில்தான் இருந்தது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. குப்பை மலையின் அடியில் காற்று புகாது. ஹோவார்ட் எச்சரித்த அழுகல் அங்கே நடக்கிறது. மீத்தேன் வாயு எழுகிறது, அடிக்கடி தீப்பிடிக்கிறது, கறுத்த சாறு நிலத்தடி நீரில் இறங்குகிறது. உப்பளத்து வீட்டில் தூக்கிப்போட்ட வாழைத்தோலின் விலையைக் குப்பைமேட்டருகே குடியிருப்பவர் கொடுக்கிறார்.

சட்டம் மெதுவாகவே நகர்ந்தது. பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா பட்டேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அதன் விளைவாக அசீம் பர்மன் தலைமையில் குழு அமைந்து, 2000-ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்கும் வீட்டிலேயே மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றன. முடிந்தவரை மக்கும் கழிவை உண்டாகும் இடத்திலேயே உரமாக்கவும் ஊக்குவித்தன. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று நாம் பார்ப்பது இதன் விளைவு. பிரித்துக் கொடுப்பதில் துப்புரவுப் பணியாளரின் மாண்பும் அடங்கியிருக்கிறது. கலந்து கொடுத்த பையில் அவர் கைவிட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் அதில்தான் இருக்கின்றன.

குழி மேலெழுந்து தொட்டியான கதை

வீட்டில் உரமாக்குவது என்று முடிவு செய்தபின் எழும் முதல் கேள்வி: எதில்? உப்பளத்தில் குழி வெட்டுவது வீண்வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து குழியை நிரப்பிவிடும். புதுச்சேரி மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை இங்கு பெய்தது. அன்று குழியில் இருந்த எரு தெருவில் மிதந்திருக்கும். ஹோவார்டின் மழைக்காலக் குறிப்பு இங்கு ஆண்டு முழுவதற்கும் பொருந்தும்: தரைக்கு மேல்.

தரைக்கு மேல் எழுப்பிய தொட்டிகளில் இந்தியாவில் புகழ்பெற்றது நாடெப். மகாராஷ்டிரத்தின் பூசத் பகுதியைச் சேர்ந்த உழவர் நாராயண் தேவ்ராவ் பாண்டரிபாண்டே உருவாக்கியதால் அவர் பெயரின் எழுத்துகளே தொட்டிக்குப் பெயராயின. 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம். செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டுக் கட்டிய சுவர், காற்றுக்காக. குறைந்த சாணத்தில் நிறைய எரு. நியூசிலாந்தில் பலகைகளால் ஆன சதுரப் பெட்டி பரவியது. முன்பலகைகளைக் கழற்றி எருவை வாரலாம். அழகான ஏற்பாடுதான், ஆனால் நம் ஊர்க் கறையானுக்கு அது விருந்து.

சிறு மனைக்கு வந்தால், நடைமுறையில் மூன்று வகையே மிஞ்சுகின்றன. முதலாவது கிணற்று உறை. சிமெண்ட் உறை விற்கும் இடங்களில் எளிதாகக் கிடைக்கும். இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பக்கங்களில் துளையிட்டு, அடியில் உடைந்த ஓடும் செங்கல்லும் பரப்பினால் முப்பது ஆண்டு உழைக்கும் தொட்டி கிடைக்கும். ஒருமுறை வைத்தால் நகர்த்த முடியாது. வாடகை வீட்டுக்காரருக்கு உதவாது. தரையில் இடம் உள்ளவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் கருத்து. மண்ணோடு தொடர்பு இருப்பதால் மண்புழு தானாக ஏறி வரும், மிகுநீர் தானாக இறங்கும்.

இரண்டாவது நெகிழி டிரம். மலிவு, இலகு. சுவர் வழியே காற்று போகாததால் துளைகள் நிறைய வேண்டும், அடியில் குழாயும் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் உள்ளே இருக்கும் உயிர்கள் வெந்துபோகும். நிழல் இருந்தால் மட்டும் டிரம் வாங்கலாம்.

மூன்றாவது மண்பானை. பெங்களூருவில் பூனம் பீர் கஸ்தூரி 2006-இல் தொடங்கிய டெய்லி டம்ப் நிறுவனம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சுடுமண் பானைகளை "கம்பா" என்ற பெயரில் வடிவமைத்தது. மேல்பானையில் அன்றாடக் கழிவு. அது நிறைந்ததும் கீழே மாற்றி, காலிப்பானையை மேலே வைக்கலாம். சுடுமண் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். அதனால் உள்ளே நாற்றமும் சேறும் குறைவு. புதுச்சேரிக்காரர்கள் இதற்காகப் பெங்களூரு வரை போக வேண்டியதில்லை. நகருக்கு மேற்கே உள்ள வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. துளையிட்ட மூன்று பானையும் ஒரு மூடியும் கேட்டால் செய்து தரக்கூடிய கைகள் அங்கே உள்ளன. பானையின் குறை, உடைவது. அதைவிடப் பெரிய குறை, அளவு.

அளவு பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உரக்குவியல் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறும் என்று நூல்கள் சொல்லும். அந்தச் சூடுதான் களைவிதையையும் நோய்க்கிருமியையும் கொல்கிறது. ஆனால் சூடு தங்குவதற்குப் பொருள் ஏறத்தாழ ஒரு கன மீட்டராவது திரண்டிருக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்குச் சேரும் ஈரக்கழிவு ஏறக்குறைய ஒரு கிலோ. அது பானையில் ஒருபோதும் அந்தச் சூட்டை எட்டாது. பானையில் நடப்பது பூஞ்சையும் புழுவும் பொறுமையாகச் செய்யும் வேறு வேலை. ஆகவே நாய், பூனை மலத்தையும் நோயுற்ற செடியையும் அதில் போடக் கூடாது. "ஏன் சூடாகவில்லை" என்று கவலைப்படவும் தேவையில்லை. மண்புழு உரத்தைத் தமிழ்நாட்டில் பரப்பியவர்களுள் முதன்மையானவரான சென்னைப் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில், உள்ளூர் மண்புழுக்களைக் கொண்டே இதைச் செய்யலாம் என்று வலியுறுத்தி வந்தவர். மண்புழு சூட்டைத் தாங்காது. சிறு தொட்டி அதற்குச் சாதகமே.

உவர் மண்ணில் உரத்தொட்டி

தொட்டியைப் பழகுவது ஊறுகாய் போடுவதைவிடக் கடினமில்லை. ஈரமான தோலும் சக்கையும் தழைச்சத்து தருபவை. காய்ந்த இலை, தேங்காய் நார்த்தூள், மரத்தூள், துண்டாக்கிய அட்டைப்பெட்டி ஆகியவை கரிச்சத்து தருபவை. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு இருந்தால் நுண்ணுயிர் தடையின்றி வேலை செய்யும் என்பது கணக்கு. இதை யாரும் தராசு வைத்துப் பார்ப்பதில்லை. ஒரு கை ஈரக்கழிவுக்கு இரண்டு கை காய்ந்த இலை போட்டால் போதும். பூவரசும் தூங்குமூஞ்சியும் நாட்டு வாதுமையும் புதுச்சேரித் தெருக்களில் வேண்டிய அளவு உதிர்க்கின்றன. பெருக்கிக் கொளுத்துவதற்குப் பதில் ஒரு சாக்கில் கட்டி வைத்தால் மழைக்காலத்துக்கு ஆகும். மழையில் காய்ந்த இலை கிடைக்காது; தொட்டி நாறுவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். புளித்த, முட்டை அழுகிய வாடை வந்தால் ஈரம் மிகுந்து காற்று போகவில்லை என்று பொருள். கிளறிவிட்டு நார்த்தூள் சேர்த்தால் இரண்டு நாளில் அடங்கும். கையில் பிடித்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரும் பதமே சரி.

வெளுத்துத் தடித்த புழுக்கள் நெளிவதைக் கண்டு தொட்டியையே தூக்கிப்போட்டவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் குளவி போலத் தோன்றும் ஒரு கறுப்பு ஈயின் புழுக்கள். அந்த ஈ வளர்ந்தபின் நம் சோற்றில் உட்காராது, நோயும் பரப்பாது. கழிவை எல்லாரையும்விட வேகமாகத் தின்று தீர்ப்பவையும் அவைதான்.

மற்ற ஊர்க் கையேடுகளில் ஒரு வரியில் முடியும் உப்பு பற்றிய குறிப்பு உப்பளத்தில் ஒரு பத்தி பெறத் தகுதியானது. நம் சமையலறைக் கழிவில் உப்பு நிறையவே உண்டு: ஊறுகாய், கருவாடு கழுவிய நீர், சாம்பார் கலந்த சோறு, அப்பளம். உப்பு மக்காது. கழிவு சுருங்கி ஐந்தில் ஒரு பங்காகும்போது அதிலுள்ள உப்பு சுருங்குவதில்லை, செறிந்து நிற்கிறது. ஏற்கெனவே உவர்ப்புள்ள மண்ணில் அந்த உரத்தை இட்டால் செடியின் இலை விளிம்பு கருகும். உரம் போட்டும் செடி வாடுகிறதே என்று வீட்டுக்காரர் மேலும் உரம் போடுவார். எனவே சமைப்பதற்கு முந்தைய கழிவைத் தொட்டிக்கும், உப்பிட்டுச் சமைத்ததை முடிந்தவரை வேறு வழிக்கும் அனுப்புவது இங்கு நல்லது. வம்பாகீரப்பாளையம் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு மீன் கழிவு தவிர்க்க முடியாதது. செதிலையும் குடலையும் பானையில் போட்டால் பூனையும் ஈயும் படையெடுக்கும். நன்கு கழுவிச் சம அளவு வெல்லத்தோடு மூடிய சாடியில் வைத்து மீன் அமிலமாக்குவது இயற்கை வேளாண்மையில் பழகிய வழி. மூன்று வாரம் கழித்து, அதை நிறைய நீரில் கலந்து செடிக்குத் தெளிக்கலாம்.

தொட்டியிலிருந்து வடியும் கறுப்பு நீரை அப்படியே ஊற்றுவதும் தவறு. அதில் உப்பும் கரைந்திருக்கும். பத்து மடங்கு நீர் சேர்த்தே ஊற்ற வேண்டும். சாம்பலும் அளவோடு, ஏனெனில் அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும்.

நன்கு மக்கிய உரம் உவர் மணலுக்குச் செய்யும் உதவி சத்து தருவதோடு நிற்பதில்லை. மணல் நீரைப் பிடித்து வைக்காது. நீர் வறண்டதும் அடியிலுள்ள உப்பு மேலேறி வெள்ளையாகப் பூக்கும். மக்கு மணல்துகள்களைச் சேர்த்துப் பிடித்து ஈரத்தை நிறுத்துகிறது. மேலே பரப்பினால் வெயிலில் ஆவியாவது குறைந்து உப்பு ஏறுவதும் தணிகிறது. மழைக்காலத்தில் நல்ல நீர் இறங்கி உப்பைக் கீழே கழுவியபின் உரமிடுவதே இங்கு ஏற்ற பருவம்.

புரட்டாசியில் நிரப்பத் தொடங்கிய பானையை மழை முழுவதும் கூரையடியில் வைத்துக் காத்தால், தை மாதம் சலிக்கலாம். கறுத்து, பொலபொலவென்று, மழை நனைத்த மண்ணின் வாசனையோடு இருந்தால் பக்குவம். தோலும் தண்டும் அடையாளம் தெரிந்தால் மீண்டும் பானைக்குப் போக வேண்டும். ஒரு பிடியில் வெந்தயத்தை விதைத்துப் பார்ப்பது எளிய சோதனை. மூன்று நான்கு நாளில் ஒழுங்காக முளைத்து வேர் வெளுப்பாக ஓடினால் உரத்தில் உப்பும் புளிப்பும் மிகவில்லை. பிறகு ஒரு பங்கு உரம், இரண்டு பங்கு மண் என்று கலந்து கத்தரிக்கும் மிளகாய்க்கும் தொட்டி நிரப்பலாம். மல்லிகைச் செடிக்கு மாதம் இரண்டு கை, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.